கண் கூசுறது வேற, கண் கெடுறது வேற: கேஸ் வெல்டிங்குக்கு எந்தக் கண்ணாடி?

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருவண்ணாமலையில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஐ.டி.ஐ. முடிச்சுட்டு ஏ.சி. மெக்கானிக் வேலை பாக்குறார். கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி அந்த ஊர்ல லாட்ஜ் லாட்ஜா ஏ.சி. சர்வீஸ் நடக்கும், உங்களுக்கே தெரியும். லீக் ஆன செப்புக் குழாயை கேஸ் வச்சு பத்தவைக்கிறதுதான் அதுல பாதி வேலை. மத்த நாள்ல மாஸ்டரோட பட்டறையில உக்காந்து குத்துவிளக்கு, அண்டா, பழைய காப்பர் பாய்லர்னு எது வந்தாலும் ஒட்டிக் குடுப்பாங்களாம்.

அவர் கேட்டது இதுதான். "அண்ணா, பட்டறையில மூணு கண்ணாடி கிடக்குது. ஒண்ணு கிரிவலப் பாதையில வாங்கின கூலிங் கிளாஸ். இன்னொண்ணு பக்கத்து வெல்டிங் கடையில குடுத்த கறுப்புக் கண்ணாடி. மூணாவது நான் ஆன்லைன்ல வாங்கினது, லேசான ரோஸ் கலர்ல இருக்கும். அதைப் போட்டா தீ கண்ணையே உறுத்தல, வேலை சூப்பரா தெரியுது. அதையே போட்டுக்கலாமா? மாஸ்டர் எதையுமே போடமாட்டார். அவருக்கு இன்னும் ஐம்பது ஆகல, ஒரு கண்ணுல புரை வந்துடுச்சு. இந்த வேலையாலதானா?"

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். தெரியாது தம்பி. கண்புரை வர்றதுக்கு வயசு, சர்க்கரை, வெயில், பீடி, ஸ்டீராய்டு மருந்துன்னு பல காரணம் இருக்கு. ஒரு மனுஷனோட கண்ணைக் காட்டி இது இதாலதான் வந்துச்சுன்னு டாக்டரே சுலபமா சொல்லிட மாட்டார். ஆனா நெருப்புப் பக்கத்துல வருஷக்கணக்கா வேலை செஞ்சவங்களுக்குப் புரை வரும்ங்கறது நூறு வருஷத்துக்கு மேல தெரிஞ்ச விஷயம்.

கண்ணாடிக் கேள்விக்கும் பதிலை இப்பவே சொல்லிடறேன். மூணுமே வேண்டாம். முதல் ரெண்டைப் பத்தி நான் கவலைப்படல, அதெல்லாம் போட்ட கொஞ்ச நேரத்துலயே சரிப்பட்டு வராதுன்னு நீங்களே கழட்டி வச்சிடுவீங்க. எனக்கு பயமே அந்த மூணாவது கண்ணாடிதான், ஏன்னா அது சுகமா இருக்கு. ஏன்னு விளக்கணும்னா தீயில இருந்து கண்ணுக்கு என்னென்ன வருதுன்னு பாக்கணும்.

தீயில இருந்து என்ன வருது?

திருவண்ணாமலைக்காரங்களுக்குத் தீயைப் பாக்குறது புதுசு கிடையாது. ஊரே அக்னி ஸ்தலம். 2,668 அடி மலை உச்சியில செப்புக் கொப்பரையில நெய் ஊத்தி ஏத்துற தீபத்தை மணிக்கணக்கா பாத்துக்கிட்டே கிரிவலம் போறாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகறதில்லை. தூரம்தான் காரணம். ஒரு சின்ன இடத்துல இருந்து வர்ற கதிர், தூரம் பாதியானா நாலு மடங்காகும். பட்டறையில தீ உங்க முகத்துல இருந்து ரெண்டு அடியில இருக்கும். நல்லா தெரியலைன்னு குனிஞ்சு ஒரு அடிக்கு வந்தீங்கன்னா, கண்ணுல விழறது நாலு பங்கு. இதை மனசுல வச்சுக்கோங்க, கறுப்புக் கண்ணாடி பத்திப் பேசும்போது மறுபடி வரும்.

அந்தத் தீயில இருந்து கண்ணுக்கு நாலு விஷயம் வருது. மொதல்ல புறஊதாக் கதிர். ஆர்க் வெல்டிங்ல இதுதான் வில்லன். மத்தியானம் வெறும் கண்ணோட ஆர்க்கைப் பாத்துட்டு வந்தவர் ராத்திரி கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி துடிப்பார். வீட்டுல உருளைக்கிழங்கை வெட்டி வைப்பாங்க, சில ஊர்ல தாய்ப்பால் விடுவாங்க (தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட போங்க). கேஸ் தீயில அந்த அளவுக்குப் புறஊதா கிடையாது. அதனால கேஸ் வேலை செஞ்சவங்க ராத்திரி நிம்மதியா தூங்குவாங்க. ஆர்க் அன்னிக்கே தண்டனை குடுத்துடுது, அதனால வெல்டிங் கடைக்காரர் பயந்து ஷீல்டைப் பிடிக்கிறார். கேஸ் அப்படிக் குடுக்கிறதில்லை, அதனால உங்க மாஸ்டர் மாதிரி நிறைய பேர் வெறும் கண்ணோட உக்காந்திருக்காங்க.

ரெண்டாவது, கண்ணு கூசுற வெளிச்சம். மூணாவது, அகச்சிவப்புக் கதிர், ஸ்கூல்ல படிச்ச அதே இன்ஃப்ரா ரெட். நாலாவது, பறந்து வர்ற பொருள். காய்ஞ்சு வெடிக்கிற ஃபிளக்ஸ், உருகின பித்தளைத் துளி, குழாய்க்குள்ள தங்கியிருந்த எண்ணெய்னு எது வேணா தெறிக்கும்.

இதுல நமக்குத் தெரியறது வெளிச்சமும் தெறிக்கிறதும்தான். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, உறுத்தாது. முகத்துல லேசா சூடு தெரியும், அவ்வளவுதான். ஆனா அதுல ஒரு பகுதி கண்மணியையும் தாண்டி உள்ள போய் லென்ஸ் வரைக்கும் சேருது. லென்ஸ்ல ரத்த ஓட்டம் கிடையாது, அதனால வாங்கின சூட்டை சீக்கிரம் கடத்திவிட முடியாது. கண்ணாடி ஊதுற தொழிலாளிகளுக்கும் உலையில வேலை செய்றவங்களுக்கும் வர்ற புரைக்கு ஐரோப்பாவுல தனிப் பேரே வச்சிருந்தாங்க, கண்ணாடித் தொழிலாளர் புரைன்னு.

அதுக்கு என்ன செய்யலாம்னு பாக்கச் சொல்லி லண்டன் ராயல் சொசைட்டி வில்லியம் குரூக்ஸை அணுகினாங்க. தாலியம்னு ஒரு தனிமத்தைக் கண்டுபிடிச்சவர். அவர் கண்ணாடிக் கலவையில வேற வேற உலோக ஆக்சைடுகளை ஒவ்வொண்ணா சேர்த்து, எது எந்தக் கதிரைத் தடுக்குதுன்னு அளந்து பாத்தார். 1913-இல் முடிவைச் சொன்னப்போ அவருக்கு வயசு 81. இரும்பு, அதுவும் ஃபெரஸ் வடிவத்துல இருக்கற இரும்பு, அகச்சிவப்பை நல்லா தடுக்குது. அந்த இரும்பு கலந்தா கண்ணாடி பச்சையாகும். இன்னிக்கும் கடையில கேஸ் வெல்டிங் கண்ணாடி கேட்டா பச்சையா எடுத்துக் குடுக்கறாங்களே, அதுக்கு மூலம் இதுதான். அதுக்காக பச்சையா இருக்கறதெல்லாம் தடுக்கும்னு நினைக்கக் கூடாது. பிளாஸ்டிக்ல பச்சைச் சாயம் போடறதுக்கு இரும்பு தேவையில்லை.

இருட்டா இருந்தா போதாதா?

வெல்டிங் கண்ணாடியில ஷேடுன்னு ஒரு நம்பர் இருக்கும். அது எவ்வளவு இருட்டுன்னு சொல்ற நம்பர். ஷேடு 3-னா வெளிச்சத்துல சுமார் 14 சதவீதம் உள்ள வரும். 4-னா 5 சதவீதம். 5-னா 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 2.7 மடங்கு குறையுது. அப்படியே போனா ஷேடு 11-ல ஒரு லட்சத்துல 5 பங்குதான் வரும்.

இப்ப கூலிங் கிளாஸை எடுத்துக்கோங்க. வெயிலுக்குப் போடற சாதாரண கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்துல 8-இல் இருந்து 18 சதவீதம் வரை விடும். அதாவது இருட்டுல அது ஷேடு 3-க்குப் பக்கத்துலயே வந்துடுது. அப்போ அதையே போட்டா என்ன? சிக்கல் என்னன்னா, வெல்டிங் ஷேடுக்கான தரநிர்ணயத்துல தெரியற வெளிச்சத்துக்கு ஒரு அளவு, அகச்சிவப்புக்கு ஒரு அளவு, புறஊதாவுக்கு ஒரு அளவுன்னு மூணையும் சேர்த்துத்தான் கட்டுப்படுத்தறாங்க. கூலிங் கிளாஸுக்கு அகச்சிவப்பைத் தடுக்கணும்னு கட்டாயம் இல்லை. உங்க கண்ணுக்கு ரெண்டும் ஒரே இருட்டாத்தான் தெரியும். ஒண்ணுல சூடு நின்னுடும், இன்னொண்ணுல உள்ள வரலாம். பாத்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. அதோட கண்மணி இருட்டுல விரியும்ங்கறதையும் சேர்த்துக்கோங்க. ரெண்டு கூலிங் கிளாஸை ஒண்ணு மேல ஒண்ணு போடறவங்களையும் நான் பாத்திருக்கேன், கணக்கு அதேதான்.

ரெண்டாவது, பக்கத்துக் கடைக்காரர் குடுத்த கறுப்புக் கண்ணாடி. அது ஆர்க் வேலைக்கானது, பெரும்பாலும் 10, 11 ஷேடு. அகச்சிவப்பு, புறஊதா எல்லாத்தையும் நல்லாவே தடுக்கும், பாதுகாப்புல குறையே இல்லை. ஆனா கேஸ் தீயை அதுல பாத்தா ஒரு புள்ளி மாதிரி தெரியும், செம்பு எப்போ செவந்துச்சு, ராடு எப்போ ஓடுச்சுன்னு தெரியாது. அப்போ மனுஷன் என்ன செய்வான்? குனிவான். இல்லைன்னா கழட்டிடுவான். குனிஞ்சா நாலு மடங்கு, கழட்டினா முழுசு. கூடவே ஒட்டும் கெட்டுப்போகும்: சூடு அதிகமாகி குழாய் ஓட்டையாகும், இல்லைன்னா ராடு உள்ள இறங்காம மேலயே உருண்டு நிக்கும். தானா இருட்டாகுற ஹெல்மெட் பத்தியும் கேப்பீங்க. அதோட சென்சார் ஆர்க்கோட மின்னலை எதிர்பார்த்துச் செஞ்சது. கேஸ் தீயை அது பிடிக்கும்னு நம்பி உக்காரக் கூடாது.

அந்த ரோஸ் கண்ணாடி

இப்ப நம்ம தம்பியோட செல்லக் கண்ணாடிக்கு வருவோம். அதுக்குப் பேரு டைடிமியம் கண்ணாடி. இதோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் சுத்தி வர்றேன், பொறுத்துக்கோங்க.

வீட்டுல சாம்பாரோ சாதமோ பொங்கி அடுப்புல வழிஞ்சா நீலத் தீ திடீர்னு மஞ்சளா எரியும், பாத்திருப்பீங்க. உப்புல இருக்கற சோடியம்தான் காரணம். சோடியம் சூடானா 589 நானோமீட்டர்ங்கற ஒரே இடத்துல பளிச்னு மஞ்சள் அடிக்கும். முன்னாடி ரோட்டுல இருந்த மஞ்சள் சோடியம் விளக்கும் இதே சங்கதி. இப்ப பட்டறைக்கு வாங்க. பித்தளையை ஒட்டணும்னா ராடோட வெங்காரம் வேணும், அதாவது போராக்ஸ். நகை செய்றவங்க பற்றுப் பொடியை வெங்காரத்தோட வச்சு ஊதுகுழலால ஊதுவாங்க. பொடி வச்சு ஊதறதுன்னு நம்ம பேச்சுல வர்றது அவங்க பட்டறையில பிறந்த வார்த்தை. வெங்காரத்துல சோடியம் இருக்கு. அதைச் சூடு பண்ணினா வேலை நடக்கற இடத்துல மஞ்சளா ஒரு திரை விழுந்த மாதிரி ஆகிடும், அதுக்குப் பின்னாடி உலோகம் உருகுதா இல்லையான்னே தெரியாது.

டைடிமியம் கண்ணாடி அந்த மஞ்சளை மட்டும் வெட்டிடும். நியோடிமியம், பிரேசியோடிமியம்னு ரெண்டு தனிமங்கள் கலந்தது. 1841-இல் இதை ஒரே தனிமம்னு நினைச்சு, இரட்டைன்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லை வச்சுப் பேர் வச்சாங்க. 1885-இல் கார்ல் ஆவர் வெல்ஸ்பாக்னு ஒரு ஆஸ்திரியர் அதைப் பிரிச்சுப் பாத்தா உள்ள நிஜமாவே ரெண்டு இருந்துச்சு. அதே ஆள்தான் கேஸ் விளக்கு மேண்டிலையும் கண்டுபிடிச்சவர். ஆமா, 'வைதேகி காத்திருந்தாள்' படத்துல கவுண்டமணி விளக்கம் குடுத்து, செந்தில் தொட்டு உதிர்ப்பாரே, அந்த மேண்டில். அந்த மேண்டிலுக்குத் தேவையான தோரியம் மோனசைட் மணல்ல இருக்கு. 1909-இல் ஷோம்பர்க்ங்கற ஜெர்மன்காரர் அந்த மணலைத் தேடி வந்து கண்டுபிடிச்ச இடம் இன்னிக்கு கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கற மணவாளக்குறிச்சி. மோனசைட்ல நியோடிமியமும் இருக்கு, பிரேசியோடிமியமும் இருக்கு. தம்பி ஆன்லைன்ல ஆர்டர் பண்ணின கண்ணாடியோட சரக்கு நம்ம கடற்கரையிலயே கிடக்குது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கண்ணாடி மஞ்சளை எடுத்துடுது, அதனால தீயே இல்லாத மாதிரி வேலை தெளிவா தெரியுது. ஆனா அகச்சிவப்புல பெரும்பகுதியை அது அப்படியே உள்ள விட்டுடும். வெறும் டைடிமியத்தோட வேலை பார்வையைத் தெளிவாக்கறது மட்டும்தான். விளக்குல மணி செய்றவங்க, சின்னதா கண்ணாடி வேலை செய்றவங்க அதைப் போடறாங்க, அவங்க தீ சின்னது. நீங்க செம்பையும் பித்தளையையும் செவக்கச் செவக்கக் காய்ச்சறீங்க. கண்ணு கூசாததால இன்னும் கிட்ட போவீங்க, இன்னும் ரொம்ப நேரம் பாப்பீங்க. வெறுங்கண்ணோட இருந்திருந்தா கூச்சத்துல முகத்தையாவது திருப்பியிருப்பீங்க.

பழைய ஆளுங்க சிலர் நீலக் கண்ணாடி போடுவாங்க, கோபால்ட் கலந்தது. அதுலயும் மஞ்சள் மறையும், ஆனா ஆழ்ந்த சிவப்பும் அகச்சிவப்பும் தாராளமா உள்ள வரும்.

டைடிமியம் குடுக்கற தெளிவு வேணும்னா வழி இருக்கு. டைடிமியத்தோட வெல்டிங் ஷேடு 3 அல்லது 5 சேர்த்து ஒட்டின லென்ஸ் வருது. விலை அதிகம். தினமும் பித்தளையை வெங்காரம் போட்டு ஒட்டறவங்களுக்கு அது நியாயமான செலவுன்னு நான் நினைக்கிறேன். ஏ.சி. குழாய்க்கு அவ்வளவு அவசியமில்லை, ஏன்னா செம்பையும் செம்பையும் ஒட்ட பாஸ்பரஸ் கலந்த ராடு போடறீங்க, அதுக்கு ஃபிளக்ஸே வேண்டாம், மஞ்சள் திரையும் பெருசா விழாது.

எந்த நம்பர்?

அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகள்ல ஒரு அட்டவணை இருக்கு. டார்ச் வச்சு பத்தவைக்க, அதாவது பிரேஸிங்குக்கு, ஷேடு 3 அல்லது 4. இரும்பைக் கேஸ்ல உருக்கி வெல்டிங் பண்ண, தகடு 3 மில்லிமீட்டர் வரைக்கும்னா 4 அல்லது 5. அதுக்கு மேல 12 மில்லிமீட்டர் சுமாருக்கு 5 அல்லது 6. அதுக்கும் மேலன்னா 6-இல் இருந்து 8.

பிரேஸிங்குக்கு ஏன் கம்மி? ரெண்டுலயும் தீ அதே தீயா இருக்கலாம். ஆக்சிஜன்-அசிட்டிலீன் தீ 3,100 டிகிரியைத் தொடும். ஆனா நம்ம கண்ணுக்கு அகச்சிவப்பை அனுப்பறது முக்கியமா காய்ஞ்ச உலோகம். பிரேஸிங்ல உலோகம் 700 டிகிரி சுமாருக்குத்தான் போகுது, மங்கின சிவப்பு. இரும்பை உருக்கணும்னா 1,500 டிகிரி. வெப்பக் கதிர் வெப்பநிலையோட நாலாவது அடுக்குல ஏறும். கணக்குப் போட்டுப் பாத்தா ஒரே அளவு பரப்புல இருந்து உருகின இரும்பு ஏறக்குறைய 11 மடங்கு அதிகமா வீசுது. அதுலயும் லென்ஸ் வரைக்கும் போகக்கூடிய வகைக் கதிர் சூடு ஏற ஏற இன்னும் வேகமா கூடும்.

அதனால தம்பிக்கு என் கணக்கு இது. லாட்ஜ்ல ஏ.சி. குழாய்க்கு ஷேடு 3, ரொம்ப நேரம் உக்காரணும்னா 4. பட்டறையில அண்டா, பாய்லர் மாதிரி பெரிய பாத்திரத்துக்குப் பெரிய தீ வைக்கணும், ஏன்னா செம்பு சூட்டை வாங்கி ஊரெல்லாம் பரப்பிடும். அங்க 4 அல்லது 5. இரும்பு கேஸ் வெல்டிங்னா 5-க்குக் கீழ வேண்டாம். நடுவுல குழப்பமா இருந்தா முதல்ல இருட்டான நம்பரைப் போட்டுப் பாருங்க, வேலை தெரியலைன்னா ஒரு படி இறங்குங்க, அட்டவணையில இருக்கற குறைந்தபட்சத்துக்குக் கீழ மட்டும் இறங்காதீங்க. லாட்ஜ் பாத்ரூம் மேல இருட்டு மூலையில வேலைன்னா ஒரு நல்ல விளக்கை வச்சுக்கோங்க. பல பேர் கண்ணாடியைக் கழட்டறதுக்குக் காரணம் கண்ணாடி இருட்டா இருக்கறது கிடையாது, இடம் இருட்டா இருக்கறதுதான்.

கடையில எதைப் பாத்து வாங்கறது?

லென்ஸ் ஓரத்துல பொறிச்சிருக்கறதைப் படிங்க. படிக்கவே ஒண்ணும் இல்லைன்னா வாங்காதீங்க, எவ்வளவு பச்சையா இருந்தாலும் சரி. அமெரிக்க முறையில டபிள்யூங்கற எழுத்தும் பக்கத்துல ஷேடு நம்பரும் இருக்கும். நம்ம நாட்டுத் தரத்துல கண் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 5983, வெல்டிங் முகக் கவசத்துக்கு ஐ.எஸ். 1179.

ஐரோப்பிய முறையில வர்றதுல ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் விழறாங்க. வெல்டிங் ஃபில்டர்ல வெறுமனே 5-ன்னு நம்பர் மட்டும் இருக்கும், அது ஷேடு 5. ஆனா 5-2.5 இல்ல 5-3.1-னு கோடு போட்டு ரெண்டு நம்பர் இருந்தா, அது வெயில் கண்ணாடி! முன்னாடி இருக்கற 5, வெயில் ஃபில்டர்ங்கற வகையோட குறியீடு. ஷேடுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆன்லைன்ல விக்கறவருக்கும் இது தெரிஞ்சிருக்கும்னு எதிர்பார்க்க முடியாது. அதனால லென்ஸ் ஓரத்தை ஜூம் பண்ணின போட்டோ கேளுங்க.

அடுத்து வடிவம். ஃபிளக்ஸ் நேரா வந்து தெறிக்கறதைவிட பக்கவாட்டுலதான் அதிகம் வரும், அதனால ஓரம் மூடினதா இருக்கணும். நான் சொல்றது அந்தப் பழைய வட்டமான, தூக்கி விடற மாடல். பாக்க நாகரிகமா இருக்காது, இருக்கட்டும். முன்னாடி பச்சை லென்ஸைத் தூக்கிட்டா உள்ள வெள்ளைக் கண்ணாடி இருக்கும். ஒட்டி முடிச்சு, ஃபிளக்ஸ் மேலோட்டைத் தட்டி எடுக்கும்போது பாதி பேர் கண்ணாடியைக் கழட்டிடறாங்க. சில்லு பறக்கறதே அப்பதான். வெள்ளைக் கண்ணாடி உள்ள இருந்தா கழட்டத் தேவையே வராது. வெளிப்பக்கத்துல ஒரு சாதாரண காப்புக் கண்ணாடி போட்டுக்கலாம், துளி ஒட்டி சொரசொரப்பானா அதை மட்டும் மாத்தினா போதும். பவர் கண்ணாடி போடறவங்க அதுக்கு மேல போடற பெரிய சைஸ் கேளுங்க, பவர் கண்ணாடியையே பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. சித்திரை வெயில்ல திருவண்ணாமலை எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை, பத்து நிமிஷத்துல உள்ள ஆவி பிடிச்சிடும். பக்கத்துல காத்துத் துவாரம் இருக்கணும், ஆனா அது நேரா திறந்தில்லாம மறைவா திரும்பி வர்ற மாதிரி இருக்கணும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேப்பார். 1948-இல் வந்து 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தோட 35-வது பிரிவே கண் பாதுகாப்புக்குத்தான் இருந்துச்சு. தெறிக்கற துகளுக்கும் மிதமிஞ்சின வெளிச்சத்துக்கும் தடுப்போ கண்ணாடியோ குடுக்கணும்னு சொல்லுச்சு. ஆனா அந்தச் சட்டத்தோட கணக்குல தொழிற்சாலைன்னா மின்சாரம் வச்சு குறைஞ்சது பத்து பேர் வேலை செய்யணும்னு இருந்துச்சு. மாஸ்டர், தம்பி, ஒரு கைப்பையன்னு மூணு பேர் இருக்கற பட்டறைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வந்து கேக்கமாட்டார்.

அந்தக் கைப்பையனைப் பத்தி ஒண்ணு சொல்லணும். டார்ச் பிடிக்கறவர் வேலையைப் பாக்கறார், குழாயைப் பிடிச்சுக்கிட்டு எதிர்ல நிக்கறவனும் அதே தூரத்துல அதே வெளிச்சத்தைத்தான் பாக்கறான். அவனுக்குச் செய்ய வேற வேலையும் இல்லை, அதனால இமைக்காம பாக்கறான். பட்டறையில கண்ணாடி ஒண்ணுதான் இருந்தா அது எப்பவும் பெரியவர் கையிலதான் இருக்கும், இல்லைன்னா ஆணியில தொங்கும். மாஸ்டர்கிட்ட பேசுங்கன்னு சொன்னா, "அவர்கிட்ட யாரு சொல்றது"ன்னு தம்பி சிரிப்பார், தெரியும். அறிவுரை வேண்டாம். பச்சைக் கண்ணாடி ரெண்டு வாங்குங்க, ஷேடு 4-ல ஒண்ணு, 5-ல ஒண்ணு. "மாஸ்டர், இதுல ராடு ஓடறது தெரியுதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க"ன்னு 4-ஐ அவர்கிட்ட நீட்டுங்க. வெங்காரம் போட்ட வேலை நடக்கறப்போ நீட்டுங்க, செப்புக் குழாய் வேலையில வித்தியாசம் அவ்வளவா தெரியாது. புரை வந்த கண்ணுக்கு ஏற்கெனவே வெளிச்சம் அதிகமா கூசும், அதனால அவர் திருப்பிக் குடுக்கமாட்டார்னுதான் எனக்குத் தோணுது. அப்புறம் கைப்பையனுக்கு மூணாவதா ஒண்ணு வாங்க வேண்டியிருக்கும்.